பழைய துணியில் குழந்தைக்கு என்ன தைக்கலாம், எதைத் தொடவே கூடாது?

அரைமீட்டர் எழுதியது:

வணக்கம். என் தங்கைக்கு இன்னும் சில வாரங்களில் பிரசவம். அலமாரியைக் காலி செய்யும் சாக்கில் பழைய துணிகளை எல்லாம் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். முழுக்கைச் சட்டைகள், துவைத்துத் துவைத்து மெலிந்த டி-ஷர்ட்டுகள், ஒரு படுக்கை விரிப்பு, இரண்டு குளியல் துண்டுகள், ஜீன்ஸ், ஒரு கம்பளி ஸ்வெட்டர். மெஷின் இருக்கிறது, ஆனால் நேர்த்தையல் மட்டும்தான் போடும். தலையணை உறையும் பையும் தைத்திருக்கிறேன். வளைவு வந்தால் கை தடுமாறும்.

இணையத்தில் பார்க்கும் படங்களில் எல்லாமே அழகாக இருக்கின்றன. முயல் காது வைத்த தொப்பி, பட்டன் வைத்த குட்டிக் காலணி, தொட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தை. இதில் எது தினமும் கைக்கு வரும், எது படம் எடுத்த அன்றோடு மூலைக்குப் போகும் என்பது தைத்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்கள். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

ஊசிக்காது எழுதியது:

நல்ல வேளை, வெட்டுவதற்கு முன் கேட்டீர்கள். என்ன தைப்பது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் எந்தத் துணி தேறும் என்று பாருங்கள்.

ஒவ்வொரு துணியையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். சல்லடை போல வெளிச்சம் ஊடுருவும் இடம் தேய்ந்த இடம். சட்டையில் அது காலர் மடிப்பு, முழங்கை, அக்குள். தோள்பட்டிக்குக் கீழே உள்ள முதுகுப் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஒரே பெரிய துண்டாகவும் கிடைக்கும். அடுத்து, துணியின் ஓரத்தை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில் பிடித்து வெடுக்கென்று இழுங்கள், பாவு (நீள இழை) வாக்கில் ஒரு முறை, ஊடு (குறுக்கிழை) வாக்கில் ஒரு முறை. பட்டென்று கிழிந்தால் அந்தத் துணி இற்றுவிட்டது. அதில் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் இரண்டு சலவைக்குத் தாங்காது. துடைக்கும் துணியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் பருத்தி என்று பெரும்பாலும் நம்பலாம். முத்தாக உருண்டு நின்றால் பாலியெஸ்டர் கலப்பு, இல்லையென்றால் துணி மென்மையாக்கும் திரவத்தின் படிவு. படிவாக இருந்தால் அந்தத் திரவம் இல்லாமல் சுடுநீரில் ஒன்றிரண்டு முறை துவைத்ததும் உறிஞ்சத் தொடங்கும். அப்போதும் உருண்டு நின்றால் எச்சில் துடைக்க அது உதவாது.

பழைய துணியின் பெரிய லாபத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அது சுருங்க வேண்டிய அளவெல்லாம் முன்பே சுருங்கிவிட்டது. புதுத் துணியில் தைத்த பிப் (எச்சில் வழியாமல் குழந்தையின் கழுத்தில் மாட்டும் துணி) முதல் சலவையிலேயே கோணிக்கொள்ளும். இதில் அந்தத் தொல்லை கிடையாது.

இரவுப்பணி எழுதியது:

ஊசிக்காது அக்கா சொன்ன சோதனைகளுக்கும் முன்னால் ஒரு கேள்வி. அந்தத் துணிகள் அலமாரியில் எதோடு இருந்தன? அந்துருண்டை போட்டு வைத்திருந்தீர்களா?

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், அதனால் கேட்கிறேன். நாப்தலீன் உருண்டையின் ஆவி துணியில் ஏறி நிற்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு, ஆண் குழந்தைகளில் அதிகம். பார்ப்பதற்கு எந்த வேறுபாடும் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தை நாப்தலீன் ஏறிய துணியில் படுத்தால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் அது உள்ளே போகும், சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை வேகமாக ஏறும். அளவு மீறினால் மூளையைத் தாக்கும். எண்ணெய் தேய்த்த உடம்பென்றால் தோல் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். இது மருத்துவ நூல்களில் பதிவான ஆபத்து, மிகைப்படுத்தல் ஒன்றும் இல்லை.

அரைமீட்டர் எழுதியது:

ஸ்வெட்டர் அந்துருண்டைப் பெட்டியில்தான் இருந்தது. மூக்கருகே கொண்டு போனாலே தெரிகிறது. துவைத்து வெயிலில் போட்டால் போதுமா?

இரவுப்பணி எழுதியது:

வெயிலும் காற்றும் வாசனையைக் குறைக்கும், முழுவதும் போய்விட்டதா என்பதை வீட்டில் அளக்க வழியில்லை. பிறந்த குழந்தைக்கு அதை விட்டுவிடுங்கள். உங்களிடம் வேறு துணி நிறைய இருக்கிறது, இதில் துணிச்சல் காட்டத் தேவையில்லை. அந்துருண்டை படாத துணிகளையும் தைப்பதற்கு முன் ஒரு முறை, தைத்த பின் ஒரு முறை துவைத்துவிடுங்கள்.

கைத்தையல் எழுதியது:

என் இரண்டு குழந்தைகளுக்கும் எல்லாம் கையாலேயே தைத்தவள் நான். எது பயன்பட்டது என்று கேட்டதால் நேராகவே சொல்கிறேன். தோள் துணியும் பிப்பும். மற்றவை எல்லாம் ஆசைக்கு.

பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும்போது நம் உடை நனையாமல் இருக்கப் போடுவது தோள் துணி. ஏறத்தாழ 25 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம். மேலே சட்டைத் துணி, கீழே துண்டுத் துணி. ஆண்கள் சட்டையின் முதுகுப் பகுதி ஒன்றிலேயே இரண்டு தோள் துணிகளுக்கு மேல்துணி வந்துவிடும். நான்கும் நேர்க்கோடு, உங்கள் மெஷினுக்கும் கைக்கும் ஏற்ற வேலை. நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துச் சுற்றித் தையுங்கள், நீளவாட்டு ஓரத்தின் நடுவில் ஒரு கை விரல்கள் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள், மூலைகளில் மிகுந்த துணியைச் சாய்வாக நறுக்கிவிட்டுப் புரட்டுங்கள். பிறகு ஓரத்தை ஒட்டிச் சுற்றிலும் ஒரு தையல். இடைவெளியும் மூடிக்கொள்ளும், துணியும் சலவையில் சுருண்டு போகாது.

அடுத்து முக்கோண பிப். டி-ஷர்ட்டின் முன்பக்கத்தில் 30 செ.மீ. சதுரம் ஒன்று, துண்டில் அதே அளவில் ஒன்று. இரண்டையும் மூலைவாட்டில் வெட்டினால் இரண்டு பிப்புக்குத் துணி. கழுத்துப் பக்கம் வரும் நீண்ட ஓரம் 42 செ.மீ. இருக்கும். சுற்றிலும் 1 செ.மீ. தையலுக்குப் போனால் 37 செ.மீ. நிற்கும். கூர்முனை இரண்டையும் வட்டமாக வெட்டிவிடுங்கள், குத்தாது, புரட்டவும் எளிது. அந்த நீண்ட ஓரம் மூலைவாட்டில் வெட்டுப்படுவதால் ரப்பர் போல இழுபடும். தைக்கும்போது துணியைப் பிடித்து இழுக்காமல் மெஷின் இழுக்கிறபடி விட்டுவிட்டால் அலை அலையாக வராது.

கையால் தைப்பவர்களுக்கு: நூலோட்டம் போதாது, கெட்டித் தையல் (ஒவ்வொரு குத்துக்கும் ஒரு எட்டு பின்னால் வந்து போடுவது) போடுங்கள். குழந்தை பிப்பை வாயில் கவ்வி இழுக்கும் வேகம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பழையசட்டை எழுதியது:

நல்ல விளக்கம். ஆனால் கழுத்தில் எப்படிக் கட்டுவது? நான் எப்போதும் நாடாதான் வைப்பேன். சட்டையின் ஓரத்திலிருந்தே கிழித்துக்கொள்ளலாம், செலவு இல்லை, குழந்தை வளர வளர முடிச்சைத் தளர்த்திக்கொள்ளலாம். வெல்க்ரோ துவைக்கும்போது மற்ற துணிகளைப் பிய்க்கிறது, கழுத்து முடியில் சிக்குகிறது. பிரஸ் பட்டன் அடிக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும். நாடாவில் என்ன குறை?

இரவுப்பணி எழுதியது:

பழையசட்டை ஐயா, முடிச்சு அவிழாது என்பதுதான் குறை. பிப்பின் ஓரம் எதிலாவது மாட்டிக்கொண்டு குழந்தை நகர்ந்தால் நாடா இறுகும். இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் எதுவும் கழுத்தில் இருக்கலாம், கழலாதது கூடாது. ஐரோப்பாவின் ஈஎன் 14682 தரநிலை, 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் ஆடையில் கழுத்துப் பகுதியிலும் தலைமூடியிலும் சுருக்குக் கயிறோ நாடாவோ இருக்கவே கூடாது என்கிறது. அது ஆடைகளுக்கான விதி, பிப் அதன் கீழ் வராது. காரணம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே.

கழுத்தில் எதை வைத்து மாட்டினாலும் உறங்கப் போடுவதற்கு முன் பிப்பைக் கழற்றிவிட வேண்டும்.

பழையசட்டை எழுதியது:

தலைமுறை தலைமுறையாக நாடா கட்டித்தானே வளர்த்தார்கள் என்று எழுத வந்தேன். கழன்றுவிடுவது, கழலாதது என்று நீங்கள் பிரித்தது ஏற்கத்தக்கதாக இருக்கிறது. சரி, பிரஸ் பட்டனுக்கே மாறுகிறேன். பழைய சட்டையில் இருக்கும் உலோகப் பிரஸ் பட்டனைப் பெயர்த்துப் பயன்படுத்தலாமா?

ஊசிக்காது எழுதியது:

வேண்டாம். ஒரு முறை அடித்த பட்டனைப் பெயர்த்தால் அதன் கால் வளைந்துவிடும், திரும்பப் பிடிக்காது. உலோகத்தில் நிக்கல் கலந்திருந்தால் தோல் சிவந்து தடிக்கவும் கூடும். பிளாஸ்டிக் பிரஸ் பட்டன் புதிதாக வாங்குங்கள். இந்த வேலையில் புதிதாக வாங்கியே ஆக வேண்டியவை நூல், எலாஸ்டிக், பட்டன். பழைய எலாஸ்டிக் இழுத்தால் திரும்பாது. பல வருடம் கிடந்த பருத்தி நூல் கையால் இழுத்தாலே அறும். நூல் பாலியெஸ்டராக இருந்தால் பனியன் துணியோடு (டி-ஷர்ட் போன்ற பின்னல் துணி) சேர்ந்து கொஞ்சம் இழுபடும்.

பனியன் துணியில் பட்டன் அடிக்கும்போது இரண்டு அடுக்குக்கும் நடுவில் சட்டைத் துணியில் ஒரு சிறு துண்டு வைத்து அடியுங்கள். காலர் பட்டியிலும் கஃப்பிலும் உள்ளே விறைப்பான கேன்வாஸ் இருக்கிறதே, அந்தத் துண்டு இதற்கென்றே செய்தது போலப் பொருந்தும். அது இல்லாமல் அடித்தால் பத்து முறை திறந்து மூடுவதற்குள் பட்டனோடு துணியும் சேர்ந்து கையோடு வரும். குழிப் பட்டனை (பிரஸ் பட்டனில் குழியுள்ள பாதி) இரண்டு இடங்களில் அடித்து வைத்தால் வளர்ந்த பின்பும் அதே பிப் போதும். மூடிய பிறகு கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தையல் பிரிக்க ஒரு மணி நேரம், துவைக்க, தேய்க்க, வெட்ட, தைக்க என்று அரை நாள். பட்டன் வேறு புதிதாக வாங்க வேண்டும். இதற்குக் கடையில் ஒரு கட்டு பிப் வாங்கிவிட்டுப் பழைய துணியை யாருக்காவது கொடுத்துவிடலாமே. பழையதைப் பயன்படுத்துகிறோம் என்ற திருப்திக்காக நேரத்தை வீணடிக்கிறோமோ என்று தோன்றுகிறது.

கைத்தையல் எழுதியது:

தையல் பிரிப்பதுதான் உங்கள் கணக்கைக் கெடுக்கிறது. யார் பிரிக்கச் சொன்னார்கள்? தையலை ஒட்டிக் கத்தரித்துத் தள்ளுங்கள், சட்டை ஐந்து நிமிடத்தில் துண்டுகளாகிவிடும். போகிற துணி இரண்டு விரல் அகலம்தான்.

ஒவ்வொன்றாகத் தைத்தாலும் கட்டாது. எல்லாவற்றையும் முதலில் வெட்டிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக நூலை அறுக்காமல் மெஷினில் ஓட்டிவிட்டு, கடைசியில் மொத்தமாகப் புரட்டினால் ஒரு பிற்பகலில் ஒரு குழந்தைக்கு வேண்டிய தோள் துணி முழுவதும் முடிந்துவிடும். எச்சில் ஒழுகும் மாதங்களில் ஒரு நாளைக்கு எத்தனை பிப் மாற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்தவர்கள் கட்டுக் கணக்கு பேச மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பிற்பகல் கணக்கு என்றால் சரி. முயல் காதுத் தொப்பிக்கு என் ஆட்சேபம் அப்படியே இருக்கிறது.

அரைமீட்டர் எழுதியது:

முயல் காது வேண்டாம், காது இல்லாத தொப்பி? டி-ஷர்ட் கைகளைப் பார்த்தால் கையுறையும் வரும் போலிருக்கிறது. பிறந்த குழந்தைகள் நகத்தால் முகத்தைக் கீறிக்கொள்ளும் என்கிறார்களே.

ஊசிக்காது எழுதியது:

தொப்பிக்கு டி-ஷர்ட்டின் கீழ் ஓரத்தைப் பயன்படுத்துங்கள். தொழிற்சாலையிலேயே மடித்துத் தைத்த ஓரம் அப்படியே தொப்பியின் விளிம்பாகிவிடும், உங்களுக்கு மடிக்கும் வேலை இல்லை. துணி உடம்பைச் சுற்றி இழுபடும் திசையே தலையைச் சுற்றி இழுபட வேண்டிய திசையும். அதனால் வாக்கு தவறாது.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சராசரியாக 34 செ.மீ. ஆறு மாதத்தில் 42, 43. ஒரு வயதில் 45, 46. முடிந்த தொப்பி தலையைவிட இரண்டு, மூன்று செ.மீ. குறைவாக இருந்தால் நழுவாமல் நிற்கும். ஆறு மாதக் குழந்தைக்கு 40 என்று வைத்துக்கொண்டால் மடித்த துணியில் அகலம் 20, தையலுக்குப் பக்கத்துக்கு 1. மேலே குவிமாடம் போல வளைத்து வெட்டுங்கள். உங்கள் மெஷினில் ஜிக்ஜாக் இல்லையென்பதால் தையல் நீளத்தை 3 மி.மீ. வைத்து, துணியை முன்னும் பின்னும் லேசாக விறைப்பாகப் பிடித்துத் தையுங்கள். அப்போதுதான் தலையில் மாட்டும்போது நூல் படபடவென்று அறாது.

கையுறையும் தைக்கலாம், ஆள்காட்டி விரல் நீள வளைவு இரண்டு.

இரவுப்பணி எழுதியது:

கையுறை பற்றி அக்காவோடு நான் உடன்படவில்லை.

கையுறை, காலுறை இரண்டிலும் உள்பக்கம் அவிழ்ந்து தொங்கும் நூல்தான் எதிரி. அது குழந்தையின் விரலைச் சுற்றிக்கொள்ளும். விரல் அசைய அசைய இறுகும். ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிக் கருத்துப்போன நிலையில் குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். கையுறைக்குள் விரல் இருப்பதால் வீட்டில் யார் கண்ணுக்கும் படுவதில்லை. குழந்தை ஏன் அழுகிறது என்றே தெரியாமல் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். தாயின் தலைமுடி ஒன்று உள்ளே போனாலும் இதே கதைதான். காரணம் தெரியாமல் அழும் குழந்தையின் கைவிரல், கால்விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்பது நாங்கள் முதலில் செய்யும் வேலை.

நகத்தை வாரம் ஒரு முறை, உறங்கும்போது, அரத்தால் தேய்த்துவிட்டால் கையுறைக்குத் தேவையே இல்லை. கையை வாயில் வைத்துப் பழகுவதற்கும் அது தடை.

ஊசிக்காது எழுதியது:

இரவுப்பணி சொன்னது நியாயம். தைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்: பனியன் துணியில் தைத்து, தையல் வெளிப்பக்கம் தெரியும்படி புரட்டாமலே போடுங்கள். அழகு குறையும், உள்ளே ஒரு நூல்கூட இருக்காது. நெசவுத் துணி இழை பிரியும், கையுறைக்கு ஆகவே ஆகாது. காலுறைக்கும் இதே கட்டளை.

தேநீர்வேளை எழுதியது:

இழையை இப்போதுதான் படித்தேன். எனக்குத் தொட்டில் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் மெத்தைப் பட்டையும் குட்டித் தலையணையும் தைக்க வேண்டும். உள்ளே திணிக்கப் பழைய துணித் துணுக்குகளே போதும்தானே? படுக்கை விரிப்பை மடித்துக் குழந்தையைச் சுமக்கும் தொங்கு பையும் தைக்கலாம் என்று இருக்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

மூன்றுமே வேண்டாம்.

மெத்தைப் பட்டையில் முகம் புதைந்தால் பிறந்த குழந்தைக்குத் தலையைத் திருப்பிக்கொள்ளும் வலு இல்லை. அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே அதன் விற்பனையைத் தடை செய்தார்கள். தலையணையும் அப்படித்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை, முதல் ஒரு வருடம் குழந்தை மல்லாந்து, சமமான கெட்டிப் படுக்கையில், அந்தப் படுக்கைமேல் இறுக்கமாகப் பொருத்திய விரிப்பு ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் உறங்க வேண்டும் என்பது. போர்வை, பொம்மை, பஞ்சு எதுவும் கூடாது. வீட்டுக்குள் உறங்கும்போது தொப்பியும் வேண்டாம் என்கிறார்கள், உடம்பு சூடேறிவிடும் என்பதால். மேலே அரைமீட்டர் தைக்கப்போகும் தொப்பி வெளியே போகும்போது போடுவதற்கு மட்டும்.

ஊசிக்காது எழுதியது:

தொங்கு பைக்கு நான் பதில் சொல்கிறேன். எடை தாங்கும் எதையும் பழைய துணியில் தைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் எங்கே இருக்கிறது என்று வெளிச்சச் சோதனை முழுமையாகக் காட்டாது. பிப் கிழிந்தால் சிரித்துவிட்டு வேறு மாட்டலாம். கார் இருக்கையின் பட்டைக்கு உறை தைப்பதும் இதே வகை, இறுக்கமாக இருக்க வேண்டிய பட்டை தளரும்.

தள்ளுவண்டிக்கு வெயில் மறைப்பு என்று துணியைப் போட்டு மூடுவதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உள்ளே காற்று நின்று வெப்பம் ஏறும். மூடவே கூடாது.

தேநீர்வேளை எழுதியது:

நான் தைக்க நினைத்தது எல்லாமே போச்சு! பொம்மையாவது தைக்கலாமா, அதற்கும் தடையா?

கைத்தையல் எழுதியது:

தாராளமாகத் தைக்கலாம், கண்ணுக்குப் பட்டன் வைக்காமல். கண், மூக்கு எல்லாம் நூலால் பூவேலை. பட்டனை எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் நாம் நினைக்கும் இறுக்கம் வேறு, சோதனைக்கூடம் கேட்கும் இறுக்கம் வேறு. ஐரோப்பிய பொம்மைத் தரநிலையான ஈஎன் 71இல் 90 நியூட்டன் விசையோடு இழுத்துப் பார்ப்பார்கள். பட்டனில் 9 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். நம் கைத்தையல் அதைத் தாங்குமா என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொருளில் தனியாகக் கழன்று வரக்கூடிய எதுவும் 31.7 மி.மீ. குறுக்களவுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுவதும் அடங்கிவிடக் கூடாது என்பது விதி. சட்டைப் பட்டன் அதில் எத்தனை அடங்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

டி-ஷர்ட்டின் முன்னால் ரப்பர் போல ஒட்டியிருக்கும் அச்சுப் படம் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். நாளெல்லாம் வாயில் போய்வரும் பொருளில் பிளாஸ்டிக் பூச்சு எதற்கு? உரிந்தும் வரும்.

பழையசட்டை எழுதியது:

ஒரு சொந்தக் கேள்வி. என் அப்பா போன வருடம் காலமானார். அவருடைய கட்டம் போட்ட சட்டைகள் என்னிடம் இருக்கின்றன. பேரக்குழந்தைக்கு அவற்றில் ஒட்டுப்போர்வை தைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. இரவுப்பணி மேலே எழுதியதைப் படித்த பிறகு போர்வை கூடாது என்று புரிகிறது. வேறு வழி உண்டா?

இரவுப்பணி எழுதியது:

தைக்கலாம் ஐயா, தரையில் விரிக்கும் விளையாட்டு விரிப்பாக. விழித்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க, குழந்தையைக் குப்புறப் போட்டுக் கழுத்தையும் தோளையும் பலப்படுத்த வேண்டும் என்று நாங்களே சொல்லி அனுப்புகிறோம். அதற்கு விரிப்பு தேவை. ஒரு வயதுக்குப் பிறகு அதே விரிப்பு போர்வையாகட்டும்.

ஊசிக்காது எழுதியது:

சட்டைகளை வெட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பல சட்டைகள் ஒரே வயதுடையவையாக இருக்காது. தேய்ந்த துணியை அதைவிடக் கெட்டியான துணியோடு சேர்த்துத் தைத்தால் சலவையில் தேய்ந்ததுதான் தையலோரம் கிழியும். மெலிந்த துண்டுகளுக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைச் சேர்த்து இரண்டையும் ஒரே துண்டாகவே நடத்துங்கள். 12 செ.மீ. சதுரமாக வெட்டினால் தைத்த பின் 10 செ.மீ. நிற்கும், கட்டங்களும் தெளிவாகத் தெரியும். கட்டத்தின் கோட்டையே வெட்டும் கோடாக வைத்துக்கொள்ளுங்கள், அளவுகோல் தேவைப்படாது.

சட்டைப் பையைப் பிரிக்க வேண்டாம். பையோடு ஒரு சதுரம் வெட்டி விரிப்பின் நடுவில் வையுங்கள். தவழும் வயதில் குழந்தை கை விட்டுத் துழாவும். பட்டன்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், பட்டன் பட்டி வேண்டுமானால் மூடித் தைத்துவிடலாம்.

பழையசட்டை எழுதியது:

சட்டைப் பை அருமை. அவர் பேனா கசிந்த கறை ஒன்றும் அதில் இருக்கிறது, விடட்டுமா?

ஊசிக்காது எழுதியது:

ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறவில்லை என்றால் விட்டுவிடலாம். அடர்நிறத் துணி எதற்கும் இதே சோதனை.

அரைமீட்டர் எழுதியது:

தோள் துணிகள் முடிந்தன. எல்லாம் நேராகவே வந்திருக்கின்றன. பிப் தைக்க டி-ஷர்ட்டை எடுத்ததும் மெஷின் அடம் பிடிக்கிறது. தையல் இரண்டு விழுகிறது, மூன்று தவறுகிறது. வெட்டிய ஓரம் வேறு சுருண்டுகொள்கிறது. துண்டை வெட்டிய இடத்தில் வீடு முழுக்கப் பஞ்சு.

ஊசிக்காது எழுதியது:

ஊசியை மாற்றுங்கள். பனியன் துணிக்குப் பந்துமுனை ஊசி, 75/11 அளவு. கூர்முனை ஊசி பின்னலின் கண்ணியைக் குத்தி அறுக்கும், பந்துமுனை கண்ணியை விலக்கிவிட்டு உள்ளே போகும். தையல் தவறுவது பெரும்பாலும் இதனால்தான். அப்போதும் தவறினால் துணிக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள்.

சுருள்வதற்கு, வெட்டுவதற்கு முன் லேசாகக் கஞ்சி போட்டுத் தேய்த்துவிடுங்கள். காகிதம் போல நிற்கும். தைத்து முடித்துத் துவைத்தால் போய்விடும்.

துண்டு பஞ்சு உதிர்க்கத்தான் செய்யும். வெட்டப் போகும் கோட்டுக்கு உள்பக்கமாக முதலில் ஒரு தையல் ஓட்டிவிட்டு அதன் பிறகு வெட்டினால் பாதியாகக் குறையும். வெட்டிய துண்டுகளை வெளியே கொண்டு போய் உதறுங்கள். வேலை முடிந்ததும் பாபின் பெட்டியைத் திறந்து தூரிகையால் சுத்தம் செய்து ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். பஞ்சு அங்கேதான் போய் அடையும், அடைந்தால் நூல் அடியில் கொத்தாகச் சிக்கும்.

அரைமீட்டர் எழுதியது:

ஊசி மாற்றியதும் தையல் ஒழுங்காக விழுகிறது. முதல் பிப் முடிந்தது. அக்காவுக்கு நன்றி. இனி ஜீன்ஸ் மட்டும்தான் மிச்சம். அதில் குழந்தைக்கு எதுவுமே ஆகாதா?

கைத்தையல் எழுதியது:

குழந்தையின் தோலில் படும் எதற்கும் அது முரடு. நடக்கத் தொடங்கிய பிறகு துணிக்காலணிக்கு அடிப்பகுதியாக வைக்கலாம், அதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

உங்கள் தங்கைக்குப் பை தையுங்கள். தொடைப் பகுதி குழாயாகவே இருக்கிறது, அடியை மட்டும் மூடினால் பையின் உடல் தயார். பின்பக்கப் பைகளைப் பெயர்த்து உள்ளே தைத்தால் டயபருக்கு ஒன்று, ஈரமான பிப்புக்கு ஒன்று. 100/16 ஊசி போடுங்கள். தையல்கள் சேரும் தடித்த இடத்தைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடத்துங்கள். இல்லையென்றால் ஊசி ஒடியும்.